வேம்பு கொன்றதா, காலம் ஆற்றியதா?

(பாயான் லெப்பாஸில் பொதுமக்களுக்காக நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பினாங்கில் உள்ள ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு ஆய்வாளர்கள் சிலர் போனார்கள். மூன்று வயது முதல் பதினேழு வயது வரை 120 பிள்ளைகள். ஒவ்வொருவரின் விரலிடுக்கையும் மணிக்கட்டையும் தலைமுடியையும் பொறுமையாகப் பார்த்தார்கள். நூற்றுக்கு 31 பிள்ளைகளுக்குச் சிரங்கு, 49 பிள்ளைகளுக்குப் பேன். 2010ஆம் ஆண்டு 'டிராப்பிகல் பயோமெடிசின்' என்ற மலேசிய ஆய்விதழில் இந்தக் கணக்கு அச்சானது. எங்கோ ஆப்பிரிக்கக் காட்டோரத்துக் கிராமத்தின் கணக்கு அல்ல இது. உலகத்துக்கு மின்னணுச் சில்லுகளை அனுப்பிக்கொண்டிருக்கும் இந்தப் பினாங்கின் கணக்கு.

மலாய்க்காரர்கள் இதைக் 'கூடிஸ் பூத்தா' என்பார்கள். நம் வீடுகளில் சொறி, சிரங்கு. பெயரைச் சொல்லவே கூச்சப்படும் நோய். பள்ளியில் பக்கத்துப் பிள்ளை நகர்ந்து உட்காரும். மாமியார் வீட்டில் துண்டைத் தனியாக வைப்பார்கள். அழுக்காக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்ற பழி வேறு. உண்மையில் இந்தப் பூச்சிக்கு அழுக்கும் சுத்தமும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது இன்னொரு மனிதனின் தோல், அதுவும் கொஞ்ச நேரம் ஒட்டிய நிலையில். அதனால்தான் ஒரே மெத்தையில் நான்கு பிள்ளைகள் படுக்கும் வீட்டிலும், காப்பகத்திலும், விடுதியிலும், தொழிலாளர் குடியிருப்பிலும் அது கொண்டாட்டமாக வாழ்கிறது. 1972இல் இங்கே தடையற்ற வணிக வலயம் திறக்கப்பட்ட நாள் முதல், ஆலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குப் படுக்க இடம் வேண்டும் என்ற கணக்கு பாயான் லெப்பாஸில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தூசி ஒன்று விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் அளவுக்குச் சுத்தமான அறையில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, இரவில் நெருக்கியடித்துப் படுக்கும் ஒருவருக்கும் இந்த நோய் வரும்.

சிரங்குப் பூச்சி எட்டுக் கால் உயிர். சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. பெண் பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டரைத் தொடாது. தோலின் மேலடுக்கைக் குடைந்து சுரங்கம் போட்டு, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகளாக, ஒன்றிரண்டு மாதம் இட்டுக்கொண்டே போகும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். இரண்டு வாரத்தில் குஞ்சு வளர்ந்து தானும் சுரங்கம் தோண்டத் தொடங்கும். இந்த நாள்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மூலிகையாக இருந்தாலும், எந்த மாத்திரையாக இருந்தாலும், இந்தக் கணக்கில்தான் வெல்லும் அல்லது தோற்கும்.

இத்தாலியில் 1687ஆம் ஆண்டு போனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்தாளரும் இந்தப் பூச்சியை உருப்பெருக்கியில் பார்த்து வரைந்து, நோய்க்குக் காரணம் இதுவே என்று எழுதினார்கள். ஒரு மனித நோய்க்குக் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஓர் உயிர்தான் காரணம் என்று சுட்டப்பட்ட மிக ஆரம்ப காலச் சான்றுகளில் இது ஒன்று. ஆனாலும் மருத்துவ உலகம் அதை நம்ப மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

அடுத்த பெரிய படி இரண்டாம் உலகப் போரின்போது. படைவீரர்களிடையே சிரங்கு பரவியதால், 1941இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர், போருக்குப் போக மறுத்த இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டு சோதனை நடத்தினார். சிரங்கு வந்த வீரர்கள் உடுத்திய உள்ளாடையை அவர்கள் உடுத்தினார்கள், போர்த்திய கம்பளியைப் போர்த்திப் படுத்தார்கள். எல்லாரும் அஞ்சியதுபோல் துணி வழியே நோய் எளிதில் தொற்றவில்லை. உடலோடு உடல் படும்போதே தொற்றியது. முதல் முறை தொற்றியவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வரை அரிப்பே இல்லை. ஒருவர் உடலில் சராசரியாக இருந்த வளர்ந்த பெண் பூச்சிகள் வெறும் 11தான் என்பதும் அவர் எண்ணிச் சொன்னது. பதினொரு பூச்சிக்குத்தான் உடம்பு முழுவதும் அந்தப் பாடுபடுகிறது! அரிப்பு பூச்சி கடிப்பதால் வருவதல்ல. பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் நம் உடல் காட்டும் எதிர்ப்பே அரிப்பு.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. அரிப்பு அடங்குவது வேறு, பூச்சி சாவது வேறு. பூச்சி எல்லாம் செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கலாம். பூச்சி உயிரோடு இருக்கும்போதே, குளிர்ச்சியான ஒரு பூச்சு அரிப்பை மட்டும் அடக்கிவிடலாம். மூலிகைச் சோதனையில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வருவது.

இனி மூலிகைக்கு வருவோம்.

தோட்டப்புற லயங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டால், சிரங்கு வந்த பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடல் முழுக்கப் பூசி, வெயிலில் காயவிட்டுக் குளிப்பாட்டுவது ஒன்று. குப்பைமேனி இலையை உப்போடு கசக்கித் தேய்ப்பது ஒன்று. புங்க எண்ணெய் ஒன்று. குப்பைமேனி இன்றும் இங்கே வாய்க்கால் ஓரத்தில் முளைக்கிறது. அதன் வேருக்குப் பூனை மயங்குவதால் மலாயில் அதற்குக் 'கூச்சிங் காலாக்' என்று பெயர். மலாய்க் கம்பத்தில் சீமை அகத்தி இலையைக் 'கெலெங்காங்' என்று சொல்லித் தோலுக்குப் பூசுவார்கள். அது பெரும்பாலும் படர்தாமரைக்கு. படர்தாமரை பூஞ்சையால் வருவது, சிரங்கு பூச்சியால் வருவது. இரண்டும் அரிக்கும் என்பதால் ஒன்றின் மருந்தை மற்றதற்குப் போட்டுவிட்டு, மூலிகையைப் பழிப்பவர்களும் உண்டு.

இந்த வேப்பிலை-மஞ்சள் பூச்சை யாராவது முறையாகச் சோதித்தார்களா? சோதித்தார்கள். 1992இல் வி. சார்ல்ஸ், எஸ். எக்ஸ். சார்ல்ஸ் ஆகிய இருவர், சித்த, ஆயுர்வேத மரபில் உள்ள இந்தப் பூச்சை 814 பேருக்குப் பூசிப் பார்த்து, வெப்பமண்டல மருத்துவ இதழொன்றில் முடிவை வெளியிட்டார்கள். 3 முதல் 15 நாளுக்குள் 97 விழுக்காட்டினர் குணமானார்கள். பக்கவிளைவு எதுவும் கண்ணில் படவில்லை. மலிவு, கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, கிராமத்து மக்கள் முகம் சுளிக்காமல் ஏற்கிறார்கள் என்று எழுதினார்கள்.

814 பேர், 97 விழுக்காடு. கேட்டவுடன் நெஞ்சு நிமிர்கிறது. பாட்டி சொன்னது சரி என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த எண்ணைத் தமிழில் எத்தனையோ மேடைகளில் சொல்லியாயிற்று. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்வதில்லை: அது ஒரு முன்னோட்ட ஆய்வு. வேறு பூச்சுப் பூசிய இன்னொரு குழு அதில் இல்லை. எனவே குணம் வேம்பால் வந்ததா, மஞ்சளால் வந்ததா, தினம் தேய்த்துக் குளித்ததால் வந்ததா, மஞ்சள் அரிப்பைத் தணித்ததைக் குணம் என்று எடுத்துக்கொண்டார்களா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த இருவர் மேல் குறையில்லை. அவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டியவர்கள் வாசலிலேயே நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒப்பீட்டுக் குழு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ஃபிஜித் தீவுகளில் 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஒரு சோதனை 2015இல் வெளியானது. ஒரு தீவுப் பகுதியில் எல்லாருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை. இன்னொன்றில் எல்லாருக்கும் பெர்மெத்ரின் களிம்பு. மூன்றாவதில் வழக்கம்போல், நோய் வந்தவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும் மட்டும் களிம்பு. ஓராண்டு கழித்து மாத்திரைப் பகுதியில் சிரங்கு 32.1 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆனது. களிம்புப் பகுதியில் 41.7இலிருந்து 15.8. வழக்கமான சிகிச்சைப் பகுதியிலும் 36.6இலிருந்து 18.8 ஆகக் குறைந்தது. மூன்றாவது குழு இல்லாமல் இரண்டாவதை மட்டும் பார்த்திருந்தால், ஊருக்கே களிம்பு கொடுத்தது பெரிய வெற்றி என்று சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மாத்திரை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் மூலிகையை எப்படிச் சோதிக்கிறார்கள்? முதல் தடையே பூச்சி கிடைப்பதுதான். சிரங்குப் பூச்சியைக் கொசுவைப்போலக் கூண்டில் வளர்க்க முடியாது. தோலை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஒரு நோயாளியிடம் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு வரும் பொருக்குச் சிரங்கில் மட்டும் ஆயிரக்கணக்கில், சில நேரம் இலட்சக்கணக்கில் பூச்சி இருக்கும். அந்தப் பொருக்கை எடுத்துத்தான் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் ஷெல்லி வால்டனும் பார்ட் கர்ரியும் சோதித்தார்கள். அங்கே பூர்வகுடிக் குழந்தைகளிடையே சிரங்கு பெருந்தொல்லை. பின்னாளில் குயின்ஸ்லாந்தில் பன்றிகளின் தோலில் பூச்சியைத் தக்கவைக்கும் வழி கண்டார்கள். அதன் பிறகுதான் சோதனைக்குப் போதுமான பூச்சி கிடைத்தது.

கிண்ணத்தில் பூச்சியை மூலிகை எண்ணெயின் மேல் விட்டு, உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கால் அசைகிறதா? ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி. பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் வெறும் களிம்பு, இன்னொன்றில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள மருந்து. இந்த மூன்று கிண்ணமும் இல்லாத சோதனை சோதனையே அல்ல.

டார்வின் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு நமக்குக் கொஞ்சம் கசக்கும். வேம்புத் தயாரிப்புகள் அந்தக் கிண்ணத்தில் ஏமாற்றின. அதே கிண்ணத்தில் 5 விழுக்காடு தேயிலை மர எண்ணெய் மூன்று மணிக்குள் எல்லாப் பூச்சியையும் கொன்றது. அப்போது புகழோடு இருந்த பெர்மெத்ரினில் மூன்று மணிக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு பூச்சி உயிரோடு இருந்தது. 2004இல் அதே குழு, அந்த எண்ணெயில் வேலை செய்யும் பொருள் டெர்பினென்-4-ஆல் என்று பிரித்துக் காட்டியது. தேயிலை மரம் என்று பெயர் இருந்தாலும் அது தேயிலை அல்ல, ஆஸ்திரேலிய மெலலூக்கா மரம். நம் வீட்டு மின்யாக் காயு பூத்தே தருகிற மரத்துக்கு அது பங்காளி. பங்காளியே ஆனாலும் எண்ணெயின் சேர்மானம் வேறு. ஒன்றின் பெருமையை மற்றதன் புட்டியில் ஒட்ட முடியாது.

வேம்பு தோற்றுவிட்டது என்று இதைக்கொண்டு முடிவு கட்டலாமா? கூடாது. விதை எண்ணெய் வேறு, இலைச் சாறு வேறு. நீரில் எடுத்த சாறு வேறு, சாராயத்தில் எடுத்த சாறு வேறு. சீனாவில் சிச்சுவான் ஆய்வாளர்கள் வேப்பெண்ணெயைப் பிரித்துப் பிரித்து, முயல்களைத் தாக்கும் சிரங்குப் பூச்சியைக் கொல்லும் ஒரு சேர்மத்தை அதில் கண்டார்கள். எந்தப் பகுதி, எந்த மாதம் பறித்தது, எதில் ஊறியது, எவ்வளவு அடர்த்தி என்று குறிக்காமல் "வேம்பு கேட்கும்" என்பதும் "வேம்பு கேட்காது" என்பதும் ஒரே அளவு வெற்றுப் பேச்சு.

பினாங்குக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது அடுத்த சோதனை. 2010இல் குயின்ஸ்லாந்தில் கிராம்பு, ஜாதிக்காய், இலாங்-இலாங் ஆகிய மூன்றின் எண்ணெய்களைப் பன்றிப் பூச்சிகள் மேலும், பெர்மெத்ரினுக்கு அடங்காத முயல் பூச்சிகள் மேலும் விட்டுப் பார்த்தார்கள். கிராம்பு எண்ணெய் முதலிடம். ஜாதிக்காய் நடுத்தரம். இலாங்-இலாங் கடைசி. கிராம்பின் காரத்துக்குக் காரணமான யூஜெனாலும் அதன் உறவுப் பொருள்களும் ஒரு மணி நேரத்துக்குள் பூச்சியைக் கொன்றன. மருந்துக்கடையில் கிடைக்கும் பென்சைல் பென்சோயேட்டுக்கு இணையான வேகம் அது. 2016இல் பிரான்சில் பத்து வாசனை எண்ணெய்களை வரிசையாக நிறுத்தியபோதும் கிராம்பே முந்தியது. 1 விழுக்காடு கிராம்பு எண்ணெய் 20 நிமிடத்தில் எல்லாப் பூச்சியையும் கொன்றது.

கிராம்பும் ஜாதிக்காயும் இந்தத் தீவுக்குப் புதியவை அல்ல. மொலுக்காஸ் தீவுகளில் டச்சுக்காரர்கள் பூட்டி வைத்திருந்த அந்தக் கன்றுகளை, 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கிழக்கிந்தியக் கம்பெனி கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரை அனுப்பிக் கப்பல் கப்பலாகப் பினாங்குக்குக் கொண்டுவந்தது. பாலிக் புலாவ் மலைச்சரிவில் இன்றும் ஜாதிக்காய் காய்க்கிறது. ஊறுகாயாக, சாறாக, தைலமாக அதை விற்கிறோம். பல்வலிக்குக் கிராம்பை மென்று பழகிய ஊர் இது. பெர்மெத்ரினை எதிர்த்து நிற்கும் பூச்சியையும் அது கொல்லும் என்று கடல் தாண்டி ஒருவர் கண்டுசொல்லியும், அதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துப்போகும் ஆவல் இங்கேதானே முதலில் வந்திருக்க வேண்டும்?

ஆவல் வேண்டும் என்பதற்காக, இன்றிரவே கிராம்பு எண்ணெயை வாங்கிப் பிள்ளையின் மேல் ஊற்றச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிண்ணம் வேறு, தோல் வேறு. கிண்ணத்தில் பூச்சி எண்ணெயில் மிதக்கிறது. தோலில் அது சுரங்கத்துக்குள் இருக்கிறது. கலக்காத கிராம்பு எண்ணெய் தோலை எரிக்கும், சிலருக்கு ஒவ்வாமையாகும். முட்டைக்குள் இருக்கும் குஞ்சை அது எட்டுகிறதா என்பது தனிக் கேள்வி. பெயர்பெற்ற ஐவர்மெக்டின் மாத்திரையே முட்டையைக் கொல்வதில்லை. அதனால்தான் ஒரு வாரம் கழித்து இரண்டாவது தடவை கொடுக்கிறார்கள்.

செடியிலிருந்து வந்தால் தீங்கில்லை என்ற நம்பிக்கைக்கு இந்த நாட்டிலேயே கண்ணீர்க் கதை உண்டு. 1981இல் மலாயாப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் டி. சின்னையாவும் அவருடைய சகாவும் 'லான்செட்' இதழில் ஓர் எச்சரிக்கை எழுதினார்கள். சளி, வயிற்றுக் கோளாறு போன்றவற்றுக்குக் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டுகிறார்கள். வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு, வலிப்பு என்று அந்தக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருகின்றன. மூளையும் ஈரலும் பாதிக்கப்படுகின்றன. உயிரிழப்பும் நேர்ந்தது. புகட்டியவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பு மிகுந்த பெற்றோர், பாட்டி, தாத்தா. தோலில் பூசும் வேப்பிலையும் வயிற்றுக்குள் போகும் வேப்பெண்ணெயும் ஒன்றல்ல என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

குப்பைமேனிக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. இலங்கையில் குப்பைமேனி சேர்ந்த இலைக்கஞ்சி குடித்த இருவருக்குச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தான நிலை வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இருவருக்கும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருந்தது. மலேசியாவில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். அந்த அட்டையை அலமாரியில் போட்டு மறந்துவிடாமல், எந்த மூலிகையையும் உள்ளுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சோதனை என்றாலே மூலிகையை மட்டம் தட்ட வெள்ளைக்காரன் போட்ட தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் மேடையை நினைத்துப் பார்க்கட்டும். பரிசில் பாதி சீனாவின் டு யூயூவுக்கு. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர், நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங்கின் நூலில் ஒரு குறிப்பைப் படித்தார். சிங்ஹாவ் என்ற செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. மற்றவர்கள் கொதிக்க வைத்தார்கள். ஏட்டிலே கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே என்று அவர் யோசித்தார். குறைந்த சூட்டில் ஈதரில் சாறு எடுத்தார். 1971இல் எலிகளிடம் அது முழுதாக வேலை செய்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் சக ஆய்வாளர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். ஏட்டை மதித்ததும் அவரே, ஏட்டைச் சோதித்ததும் அவரே.

பரிசின் மறுபாதி ஐவர்மெக்டினுக்கு வழி திறந்த சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெலுக்கும். ஜப்பானில் ஒரு கோல்ஃப் திடலருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிர் தந்தது அந்த மருந்து. சிரங்குக்கு இன்று நாம் நம்பியிருக்கும் மாத்திரை அதுவே. களிம்பாகத் தடவும் பெர்மெத்ரினின் மூதாதை ஒரு பூ. டால்மேஷியக் கரையோரத்துச் சாமந்தியினப் பூவைப் பொடித்துப் பூச்சி விரட்டினார்கள். அந்தப் பூவின் சத்தைப் பார்த்து, வெயிலில் கெடாத ஒன்றை 1973இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு செய்தது. பென்சைல் பென்சோயேட் பெரு பால்சம் என்ற மரப்பிசினில் இயற்கையாகவே இருப்பது. ஆக, மருந்துக்கடை அலமாரியில் சிரங்குக்காக இருக்கும் மூன்றில் இரண்டு செடிவழி வந்தவை.

அதே ஐவர்மெக்டினைக் கொரோனாக் காலத்தில் எத்தனை பேர் விலை பேசி வாங்கினார்கள்! இந்த நாட்டு மருத்துவர்கள் அப்போது சண்டைக்குப் போகவில்லை, சோதனைக்குப் போனார்கள். 20 அரசு மருத்துவமனைகளில் 490 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு மாத்திரை, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மாத்திரை பெற்றவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. அதாவது மாத்திரை காக்கவில்லை. 2022இல் வந்த அந்த முடிவை உலகமே எடுத்துப் படித்தது. பூச்சியைக் கொல்லும் மருந்து வைரசிடம் தோற்றது. இரண்டு குழு இருந்ததால்தான் அது தெரிந்தது. இதைச் செய்யத் தெரிந்த நாட்டுக்கு வேப்பிலைப் பூச்சைச் சோதிக்கத் தெரியாதா?

பாயான் லெப்பாஸ் கரையில் நின்றால் எதிரே ஜெரெஜாக் தீவு தெரியும். நம் பாட்டன்மார் கப்பலில் வந்திறங்கியபோது நோய்க்கு அஞ்சித் தனிமைப்படுத்தி வைத்த தீவு. தொழுநோயாளர்களைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த தீவும் அதுவே. தொழுநோய் பாக்டீரியாவால் வருவது, சிரங்கின் இனமல்ல. ஆனால் அதற்கும் ஒரு செடி எண்ணெய்தான் நெடுங்காலம் மருந்து. தமிழில் அந்த மரத்தை நீரடிமுத்து என்போம், உலகம் சால்முக்ரா என்றது. அந்த எண்ணெயைக் குடிக்கக் குமட்டும், ஊசியாகப் போட்டால் கட்டிக்கொள்ளும். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண் வேதியியலாளர் 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை உடலில் கலக்கும் ஊசிமருந்தாக மாற்றினார். 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தபோது, பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எண்ணெய் பின்தங்கியது. விடைபெற்றது. நீரடிமுத்துக்கு அது அவமானம் அல்ல. வேறெதுவும் இல்லாத காலத்தில் அது கைகொடுத்தது. அதைவிட நல்லது வந்தபோது நோயாளிக்கு அது கிடைத்தது.

சோதிக்காமல் விட்ட இடத்தில் எது வந்து உட்காருகிறது என்பதைப் பாசார் மாலாமில் பார்க்கலாம். சிறிய டப்பா, பச்சை இலைப் படம், நூறு விழுக்காடு மூலிகை என்ற எழுத்து. தடவிய மறுநாளே அரிப்புப் போகிறது என்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். மூலிகைக் களிம்பு என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், தடிப்பை மறைக்கும். உள்ளே பூச்சி நிம்மதியாகப் பெருகும், வீட்டில் உள்ள எல்லாருக்கும் பரவும். மலேசியாவில் பதிவு செய்த மருந்துக்கு 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் அது 'டி' என்ற எழுத்தில் முடியும். கூடவே ஹோலோகிராம் ஒட்டி. அந்த எண் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துக் கொடுத்தது. நோயைக் குணமாக்கும் என்று நிரூபித்துக் கொடுத்ததல்ல. இந்த வேறுபாட்டை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? இந்தத் தீவில் எல்லாம் இருக்கிறது. கெலுகோரில் 1969 முதல் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறையும் பூச்சி ஆய்வுப் பிரிவும் உண்டு. மலைச்சரிவில் கிராம்பும் ஜாதிக்காயும் உண்டு. கோயில் வளாகத்தில் வேம்பு உண்டு. நோயும், வருந்தத்தக்க அளவில், இங்கேயே உண்டு. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகில் எந்த நாளிலும் 20 கோடிப் பேருக்கு மேல் இந்த நோயோடு இருப்பதாக அது கணக்கிடுகிறது. சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்தால் சிறுநீரகம் வரை கெடும். வடக்கு ஆஸ்திரேலியாவில் ஐவர்மெக்டினுக்கு அடங்காத பூச்சி 2004இலேயே பதிவாகிவிட்டது. புதிய மருந்துக்கான தேவை இருக்கிறது.

அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். இரண்டு குழு. ஒன்றுக்கு நிறுத்து அளந்து செய்த மூலிகைக் களிம்பு, மற்றதற்குப் பெர்மெத்ரின். மருந்தே கொடுக்காமல் யாரையும் அரிப்போடு விடுவது தேவையும் இல்லை, நியாயமும் இல்லை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும். கிராம்பு மணக்கும், மஞ்சள் நிறம் காட்டும். எனவே குளித்துவிட்டு வந்த பிறகே பரிசோதனை, பார்க்கும் மருத்துவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. அரிப்பைக் கேட்டால் போதாது. உருப்பெருக்கியால் சுரங்கத்தைத் தேடிப் பூச்சியையும் முட்டையையும் எண்ண வேண்டும். 7ஆம் நாள், 14ஆம் நாள், 28ஆம் நாள். குணமானவர்களை மட்டுமல்ல, எரிச்சல் தாங்காமல் நடுவில் விட்டவர்களையும் கணக்கில் வைத்து, முடிவு எப்படி வந்தாலும் அச்சிட வேண்டும். விடுதிகளில் படுக்கைகளுக்கு இடைவெளி விடுவதும் இதில் ஒரு பகுதி. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச வசதிகளை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வரையறுக்கிறது. நான்கு பேர் படுக்கும் இடத்தில் எட்டுப் பேர் படுத்தால் எந்தக் களிம்பும் நிற்காது.

அது நடக்கும் வரை, இன்றிரவு வீட்டில் ஒரு பிள்ளை விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருந்தால், நாளை சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போகலாம். மருத்துவர் பெர்மெத்ரின் கொடுத்தால் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி, தொப்புள், விரலிடுக்கு ஒன்றும் விடாமல் இரவில் பூசி, காலையில் கழுவ வேண்டும். கைக்குழந்தைக்கும் கருவுற்றவருக்கும் எது ஏற்றது என்பதை அவரே சொல்வார். அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து, வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும். மெலன்பி கண்ட அந்த ஒரு மாத மௌனம் யார் உடலில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உடுத்தியதையும் விரித்ததையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடலாம். துவைக்க முடியாததை நெகிழிப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். ஏழு நாள் கழித்து மறுபடியும் ஒரு பூச்சு. பாட்டி ஆசைப்பட்டால் குளிக்கும் நீரில் ஒரு கொத்து வேப்பிலை போட்டுக்கொள்ளட்டும். ஒரு தாளில் மட்டும் தேதியைக் குறித்து வையுங்கள்: முதல் பூச்சு எப்போது, இரண்டாவது எப்போது, புதிய கொப்புளம் கடைசியாகக் கண்ணில் பட்டது எந்த நாள்.